பகையின் வாடையறிந்த நீர்த்தெள்ளு முதிர்ச்சியை விரைவுபடுத்துமா, தள்ளிப்போடுமா?

கேள்வி:
மீன் வாழ்ந்த நீரில் வளரும் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு (இறால், நண்டு ஆகியவற்றுக்கு உறவான நுண்ணிய நீர்வாழ் உயிர்), உடல் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்து முட்டை சுமக்கத் தொடங்குகிறது என்று ஓரிடத்தில் படித்தேன். பகை அருகிலிருந்தால் அது இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு முதலில் உடலை வளர்க்கிறது என்று வேறோரிடத்தில் எழுதியிருக்கிறது. இவற்றில் எது சரி?

பதில் 1:
இரண்டும் சரியே, பகை வேறு வேறு என்பதுதான் செய்தி. மீன் கண்ணால் கண்டு வேட்டையாடுவதால் பெரிய உடலே முதலில் அகப்படும். எனவே விரைவில் முதிர்ந்து, சிறிய குஞ்சுகளை மிகுதியாக ஈனுவதே ஆதாயம். கேயோபோரஸ் என்னும் பூச்சியின் நீர்வாழ் புழுவுக்கோ வாய் சிறியது. இளங்குஞ்சுகளைத்தான் அதனால் எளிதில் பிடித்து விழுங்க முடியும். அதன் வாடை பட்ட டாஃப்னியா பியூலெக்ஸ் என்னும் இனத்தின் குஞ்சுகள் தற்காப்புக்காகப் பிடரியில் முள் போன்ற நுண்ணிய பற்களை வளர்த்துக்கொள்கின்றன. புழுவின் வாய்க்கு அடங்காத அளவை எட்டியபின் தோலுரிக்கையில் அவற்றை இழந்துவிடுகின்றன. முதிர்ச்சி தாமதமாவது இந்த வளர்ச்சிக்குக் கொடுக்கும் விலை. பகை இல்லாத நீரில் அந்த விலையைக் கொடுப்பது வீண் என்பதால்தான் பற்கள் எப்போதும் முளைப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் தன்னைக் காட்டிக்கொடுக்கும் வாடையை வேட்டையாடி ஏன் இன்னும் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது?

பதில் 2:
அது இல்லாமல் உணவு செரிக்காது என்பதே விடையாகத் தோன்றுகிறது. கேயோபோரஸ் புழுவின் வாடைப்பொருள், கொழுப்பமிலங்கள் குளூட்டமின் என்னும் அமினோ அமிலத்துடன் இணைந்த சேர்மங்கள் என்று 2018இல் கண்டறியப்பட்டது; செரிமானத்தில் பயன்படும் இவை, இரையின் எச்சத்தைப் புழு கக்கும்போது நீரில் கலக்கின்றன. மீனைப் பொறுத்தவரை, பகலில் ஆழத்துக்கு இறங்குமாறு டாஃப்னியாவைத் தூண்டும் பொருள் ஒரு பித்த உப்பு என்பது 2019இல் தெரியவந்தது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பை மீன் எப்படிக் கைவிடும்?

பதில் 3:
தாய் பெற்ற எச்சரிக்கை பிள்ளைக்கும் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பகையின் வாடையில் வாழ்ந்த டாஃப்னியா குக்குலாட்டா என்னும் மற்றோர் இனம் ஈன்ற குஞ்சுகள், தூய நீரில் வளர்ந்தபோதும் தற்காப்புக்கான நீண்ட தலைக்கவசத்தோடு இருந்தன என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் கேள்விக்கு வந்தால், நன்னீர் நத்தைகளும் பகையைப் பொறுத்து முதிர்ச்சிக்குக் கணக்குப் போடுகின்றன: தம் இனத்தைச் சேர்ந்த நத்தையை நண்டுக்கும் இறாலுக்கும் உறவான கிரேஃபிஷ் தின்றுகொண்டிருக்கும் நீரில் அவை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் வரை வளர்ந்த பின்னரே முட்டையிட்டன, அந்த வாடை இல்லாதபோது 4 மில்லிமீட்டரிலேயே தொடங்கிவிட்டன.