அழுகைக் காட்சியில் அழுகை வரவில்லை, வேறு வழி இருக்கிறதா?

வைகைப்பெண்:
விஸ்காம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் நடிப்பு அடிப்படை என்று ஒரு பேப்பர். முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. வட்டமாக நின்று இல்லாத பந்தை எறிந்து பிடிப்பது, அறை முழுக்க யாரையும் இடிக்காமல் நடப்பது, எதிரில் நிற்பவர் செய்வதைக் கண்ணாடி மாதிரி அப்படியே செய்வது, எல்லாம் பிடித்திருந்தது. போன வாரம் தனி நடிப்பு. ஊரிலிருந்து போன் வருகிறது, பாட்டி இறந்துவிட்டார், இரண்டு நிமிடம், வசனம் அதிகம் கூடாது. ஹாஸ்டல் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் போனேன். முகம் கோணியது, தோள் குலுங்கியது, எல்லாம் செய்தேன். மேடம் ஒரே வரிதான் சொன்னார்: "நீ அழவில்லை, அழுகையைக் காட்டுகிறாய்." அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பச் செய்ய வேண்டும்.

சொந்த சோகத்தை நினைத்துக்கொள் என்று வகுப்பில் சிலர் சொல்கிறார்கள். என் தாத்தா போய் எட்டு மாதம்தான் ஆகிறது. அதை முப்பது பேர் முன்னால் எடுத்து வைக்க எனக்கு மனமில்லை. அது இல்லாமல் முடியாதா?

நாடகக்கொட்டகை:
தங்கச்சி, தாத்தாவைத் தொடாதே. தொடத் தேவையும் இல்லை. இது நடிப்புலகில் பெரிய சண்டையாகவே நடந்த விஷயம். நியூயார்க்கில் குரூப் தியேட்டர் என்ற குழுவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் சொந்த நினைவிலிருந்து உணர்ச்சியை எடுக்கச் சொல்லிப் பழக்கினார். அதே குழுவின் நடிகை ஸ்டெல்லா ஆட்லருக்கு அது ஒத்துவரவில்லை. 1934இல் பாரிஸ் போய், ஸ்ட்ராஸ்பெர்க்கின் முறைக்கே மூலமான ரஷ்ய நடிப்பு ஆசான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்து, சில வாரங்கள் அவரிடம் பாடம் கேட்டார். பாத்திரம் இருக்கும் சூழ்நிலை என்ன, அதற்குள் அது என்ன செய்யப் பார்க்கிறது, அதைப் பிடித்துக் கற்பனை செய் என்பதைத்தான் திரும்பி வந்து சொன்னார். ஸ்ட்ராஸ்பெர்க் ஏற்கவில்லை, அது வேறு கதை.

உன் காட்சிக்கு வருகிறேன். போன் வருவதற்கு முன்னால் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? சும்மா உட்கார்ந்து போனுக்குக் காத்திருந்தாய் என்றால் அங்கேயே காட்சி செத்துவிட்டது. துணி மடி, பதிவேடு எழுது, ஏதாவது ஒரு வேலை. செய்தி வந்த பிறகு என்ன அவசரம்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கையில் பணம் இருக்கிறதா, பக்கத்துக் கட்டிலில் தூங்குகிற பெண்ணை எழுப்பாமல் பையை எடுக்க வேண்டுமா? நிஜத்தில் அப்படிச் செய்தி கேட்கிறவர்கள் பெரும்பாலும் அழ முயற்சி செய்வதில்லை, அழாமல் இருக்கத்தான் பாடுபடுகிறார்கள். நீயும் அதற்கே பாடுபடு.

பழையஏடு:
தமிழ் ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல ஆசை. தொல்காப்பியத்தில் எட்டு மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இகழ்வது, இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது, இல்லாமை. கவனித்தீர்களா, கண்ணீர் எப்படி வழிய வேண்டும் என்று அங்கே பேச்சே இல்லை, எதனால் வருகிறது என்பதுதான் கணக்கு. உங்கள் காட்சியில் இழவு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அது மட்டும்தானா? இனிமேல் லீவுக்குப் போனால் அந்த வீட்டில் திண்ணையில் யாரும் காத்திருக்கப் போவதில்லை, அது அசைவு. "நீ மெதுவா வா, இங்க எல்லாம் முடிஞ்சிடும்" என்று மாமா சொல்லிவிட்டால் அதில் இளிவும் வந்துவிடுகிறது. இவற்றில் எது என்று நீங்கள் முடிவு செய்தாலே காட்சி மாறும்.

மூன்றாவதுவரிசை:
நானும் போன வருடம் இதே மாதிரி போன் காட்சி செய்தேன். எல்லோரும் செய்யும் தப்பு, எதிர்முனைக்காரர் பேச நேரமே கொடுப்பதில்லை. "ஹலோ... என்ன... ஐயோ" என்று மூன்று நொடியில் முடித்துவிடுகிறோம். அவர் என்ன பேசுகிறார் என்று முழுசாக எழுது. ஒத்திகையில் ஒருவரை வெளியே நிற்க வைத்து நிஜமாகவே போன் பண்ணிப் பேசச் சொல், அதைக் கேள். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, தொண்டை இறுகிக் குரல் பொய்யாகிவிடும். கண்ணாடியையும் விட்டுவிடு, அதைப் பார்த்துப் பழகினால் வகுப்பிலும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

வைகைப்பெண்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தோழியை வராந்தாவில் நிற்க வைத்து, மாமா மாதிரி பேசச் சொல்லிச் செய்து பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வரவில்லை. ஆனால் சட்டையின் ஒரு கையை மடித்துவிட்டு இன்னொரு கையைப் பிடித்தபடியே ரொம்ப நேரம் நின்றேனாம், எனக்கே தெரியாது, தோழிதான் சொன்னாள், அதைப் பார்த்து அவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று. வெள்ளிக்கிழமை அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

நாடகக்கொட்டகை:
வேண்டாம். வைத்துக்கொண்டால் அதுவும் காட்டுவதாகிவிடும். மடித்து முடிக்கத்தான் மடிக்க வேண்டும், கை நின்றால் நிற்கட்டும், நிற்காவிட்டால் அன்றைக்கு வேறு ஏதாவது நடக்கும். வெள்ளிக்கிழமை வேறு சட்டை எடுத்துப் போ. மாமா என்ன பேசப் போகிறார் என்பதையும் தோழியே மாற்றிக்கொள்ளட்டும், உன்னிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.