கேமரா கேட்கும் பெட்டிக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

எட்டாம் வகுப்பு அறிவியலுக்கான ஒரு வலைப்பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். போனில் உலாவியைத் திறந்து மேசையை நோக்கிப் பிடித்தால் இதயத்தின் முப்பரிமாண உருவம் மேசைமேல் நிற்கும். செயலி எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் உருவம் தெரியுமுன் உலாவி குறுக்கிட்டு, கேமராவைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறது. ஐபோனில் அசைவு உணரிகளுக்கும் தனியாகக் கேட்கிறது. பிள்ளைகள் படிக்காமலே 'தடு' என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். அப்புறம் கறுப்புத் திரைதான்.

ஆசிரியர் கையேட்டில் இதற்கென்றே ஒரு பக்கம் எழுதுகிறோம். 'அனுமதி கேட்டு இடையில் தோன்றும் பெட்டி' என்று வரிக்கு வரி எழுத முடியவில்லை. வெள்ளிக்கிழமை கோப்பு அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் தாருங்கள். இப்படி நிஜ இடத்தின்மேல் உருவம் தோன்றும் காட்சிக்கு (augmented reality) 'மிகை மெய்ம்மை' என்று போட்டிருக்கிறோம்.

— கையேட்டுக் குழுவிலிருந்து

*

அம்மா,

முதலில் அந்த 'மிகை'யை விடுங்கள். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் ஒன்று. வேண்டியதற்கு மேற்பட்டது என்ற பொருள் அந்தச் சொல்லில் படிந்துவிட்டது. இங்கே இருப்பதன்மேல் இன்னொன்று சார்த்தப்படுகிறது, சாமிக்கு மாலை சார்த்துவதுபோல. 'சார்த்து மெய்ம்மை' என்க.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். அனுமதி வடசொல். இசைவு என்ற நல்ல சொல் இருக்க அது எதற்கு? இன்னும் பொருத்தமானது சிலம்பில் இருக்கிறது. கண்ணகி 'வாயிலோயே வாயிலோயே' என்று அழைக்கிறாள். வாயிலோன் உள்ளே போய் அரசனிடம் அறிவிக்கிறான். 'வருக மற்று அவள் தருக ஈங்கு' என்று அரசன் சொன்ன பிறகே அவள் உள்ளே போகிறாள். உலாவியின் வேலையும் அதுதான். வலைத்தளம் படக்கருவியை நேரே தொட முடியாது. உலாவி நடுவில் நின்று உடையவரைக் கேட்கிறது. எனவே 'வாயில்வினா'.

— மதுரையிலிருந்து

*

ஐயா,

ஒப்புமை மிகச் சரி. ஆனால் வலைவாசல், நுழைவாயில் என்று ஏற்கெனவே பல வாயில்கள் கணினித் தமிழில் இருக்கின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளை இதை வேறொன்றாக எடுத்துக்கொள்ளும். திரையில் பொத்தானே 'அனுமதி' என்று இருக்கும்போது கையேடு 'இசைவு' என்றால் எதைத் தொடுவது?

சொல்லைவிட முக்கியமாக ஒன்று. இவை ஒரே பெட்டி அல்ல. 2019இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து, பயனர் திரையைத் தொட்ட பிறகுதான் தளம் அசைவு உணரிகளைக் கேட்கவே முடியும். அதனால் தளங்கள் தாமாக ஒரு விளக்கப் பெட்டியை முன்னால் வைத்து, அதைத் தொட்டதும் உலாவியின் பெட்டியை வரவழைக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆசிரியர் குழம்பிப்போவார்.

ஆண்ட்ராய்டு குரோம் 2020இல், 81ஆம் பதிப்பில், வெப்எக்ஸ்ஆர் (உலாவியிலேயே இத்தகைய காட்சிகளைக் காட்டுவதற்கான வலைத் தரநிலை) வழியாக இந்தக் காட்சியைத் தரத் தொடங்கியது. அங்கே கேள்வியே வேறு: சுற்றுப்புறத்தின் முப்பரிமாண வரைபடத்தை உருவாக்கலாமா, கேமரா இருக்கும் நிலையைப் பின்தொடரலாமா என்று. அந்த இசைவால் மட்டும் தளத்தின் கையில் கேமராப் படம் போய்ச் சேராது. ஆகவே 'கேமரா அனுமதி' என்று யாரும் சுருக்கிவிட வேண்டாம். அது தவறான அச்சத்தைக் கொடுக்கும்.

என் பரிந்துரை: தளம் காட்டுவது 'முன்விளக்கம்', உலாவி காட்டுவது 'அனுமதிக் கேள்வி'.

— ஒரு நிரலர், கோவை

*

நண்பர்களே,

'கேள்வி' எனக்கு உடன்பாடில்லை. வள்ளுவர் அதிகாரம் வைத்த கேள்வி செவிவழிக் கல்வி. இது பொருள் வேண்டி நிற்பது, அதாவது இரத்தல். தொல்காப்பியர் எச்சவியலில் இரவின் கிளவியை, அதாவது இரந்து கேட்கும் சொல்லை, மூன்றாக வகுக்கிறார்: ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா ஒப்போன் கூற்று, கொடு உயர்ந்தோன் கூற்று. தளம் யாராக நின்று கேட்கிறது? என் போன், என் கேமரா. அது 'ஈ' என்றுதான் கேட்க வேண்டும். 'வேண்டுகை' என்று வையுங்கள். அந்தப் பணிவு சொல்லிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தின்படி தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடுத்தல் படர்க்கைக்கு. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தேன். தளம் படர்க்கை. ஆகவே கையேட்டில் 'தளத்துக்கு அனுமதி தரவும்' என்று இருந்தால் 'கொடுக்கவும்' என்று மாற்றுங்கள்.

— திருச்சியிலிருந்து

*

எல்லோருக்கும் நன்றி.

'தரவும்' என்று ஏழெட்டு இடங்களில் இருந்தது, எல்லாவற்றையும் 'கொடுக்கவும்' ஆக்கிவிட்டோம். இரண்டு பெட்டிகளையும் பிரித்ததும் அந்தப் பக்கமே தெளிவாகிவிட்டது. முன்பு ஒரே பத்தியில் இரண்டையும் கலந்து எழுதியிருந்தோம்.

பெயருக்கு, எழுதியவர்களில் பெரும்பாலோர் 'அனுமதிக் கேள்வி' போதும் என்கிறார்கள். வகுப்பில் சொன்னபோதும் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 'வேண்டுகை' என்றதும் 'வேண்டாம்' என்பதோடு சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். 'முன்விளக்கம்', 'அனுமதிக் கேள்வி' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். 'மிகை மெய்ம்மை'யை இப்போது மாற்ற நேரமில்லை. படங்களுக்குள்ளும் அது பதிந்திருக்கிறது.

— கையேட்டுக் குழுவிலிருந்து

*

அம்மா,

காலக்கெடு உங்களுடையது, அனுப்புங்கள். ஆனால் பிள்ளைகளுக்கு உடனே புரிவது மட்டுமே அளவுகோல் என்றால் 'கணினி' வந்திருக்காது, 'பேருந்து' வந்திருக்காது. முதல்முறை கேட்டபோது எந்தப் பிள்ளைக்கும் அவை தெரியாது. பாடநூல் விடாமல் எழுதியது, நிலைத்தன. வாயில்வினாவை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்பின் சொல்லடைவிலாவது அருகில் சேருங்கள்.

சார்த்து மெய்ம்மைக்குத் தனி இழை தொடங்குகிறேன். கோவை நண்பர் அங்கே வர வேண்டும்.

— மதுரையிலிருந்து