ஜூன் வந்தாலே வீட்டில் பணப் பேச்சு: பிள்ளைகள் மனசு என்னாகும்?

குலசேகரத்துக்காரி:
வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை, மரக்கணக்குக் கூலி. மகள் அஞ்சாம் கிளாஸ், மகன் ரெண்டாம் கிளாஸ். ரெண்டு பேரும் மெட்ரிக் பள்ளி. ஜூன்ல ஃபீஸ், வேன், புக்குன்னு முதல் தவணையே 18,000 ஆகுது, நகை அடகுக்குப் போகுது. அந்த ஒரு மாசம் வீட்டுல சத்தம்தான். மகள் இப்போ எதைக் கேட்டாலும் "எனக்கு வேண்டாம்"ங்கிறா. காசில்லாத வீட்டுப் பிள்ளைங்க மனசு வாடத்தான் செய்யுமா? அரசுப் பள்ளிக்கு மாத்தினா தாழ்வா நினைப்பாளா?

ஷீட்டுக்கடை:
அக்கா, வருஷ வருமானம் குறைவுங்கிறதைவிட அது வர்ற நேரம்தான் இங்க சிக்கல். பிப்ரவரி, மார்ச்ல இலை உதிர்ந்து வெட்டு நிக்கும். கொஞ்சம் தலை தூக்குறதுக்குள்ள ஜூன் மழை. அதே ஜூன்ல பள்ளி திறப்பு. நம்ம குமரி மாவட்டக் கடற்கரையிலயும் இதே கதைதான், குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம்.

அதனால 18,000-ஐ பன்னிரண்டால வகுக்காதீங்க, பிப்ரவரியிலேயே கணக்கு உடைஞ்சிரும். நல்லா பால் விழுறது செப்டம்பர் முதல் ஜனவரி வரை. ஐப்பசி மழை நடுவுல சில நாளைக் கெடுத்தாலும் அதுதான் சீசன். அந்த அஞ்சு மாசம் 3,000 வீதம் 15,000, மீதி 3,000 ஏப்ரல், மே-ல. ஒட்டுப்பால் (பட்டையிலயும் சிரட்டையிலயும் உறைஞ்ச பால்) வித்த காசை வீட்டுச் செலவில் கலக்காம இதுக்குன்னே ஒதுக்குனா பாதி வேலை முடிஞ்சுது. ஏடிஎம் கார்டு வாங்காத தனி சேமிப்புக் கணக்கு போதும். தபால் ஆபீஸ் ஆர்டி (மாசாமாசம் கட்டுற சேமிப்பு) இதுக்கு ஒத்து வராது, அது 5 வருஷம், 3 வருஷத்துக்கு முன்னாடி முடிக்க விடமாட்டாங்க.

தோட்ட முதலாளிகிட்ட ரெயின்கார்டு (மழையிலயும் பால் வெட்ட மரத்துல ஒட்டுற பிளாஸ்டிக் மறைப்பு) போடச் சொல்லிப் பாருங்க. மே மாசம் பட்டை காய்ஞ்சிருக்கும்போதே ஒட்டணும். ஈரப்பட்டையில பசை பிடிக்காது, தண்ணி வடிஞ்சு நேரா சிரட்டையில விழும், அன்னைக்குப் பால் போச்சு.

பழைய வாத்தியார்:
மகள் அஞ்சாம் வகுப்பு என்பதால்தான் இதை அவசரமாகச் சொல்கிறேன். மாற்றுவதானால் ஆறாம் வகுப்பிலேயே மாற்றுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் இரண்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை ஃபீஸ் கட்டிவிட்டு ஒன்பதில் வருபவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் இப்போது புதுமைப்பெண் உண்டு. ஆனால் 7.5 சதவீதம் அரசுப் பள்ளிக்கு மட்டும்தான். நம் மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய, பெயரைப் பார்த்து ஏமாறாமல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண், பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000. அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கே அது.

ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) படி தனியார் பள்ளியில் கிடைக்கும் 25 சதவீத இலவச இடத்தை மகனுக்கு நினைக்க வேண்டாம். நுழைவு வகுப்புக்கு மட்டும்தான், சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தவும் செய்யாது.

தாழ்வு மனப்பான்மை பற்றிக் கேட்டீர்கள். பள்ளிப் பெயரால் குன்றுவதைவிட, வகுப்பில் எழுப்பி நிறுத்தி "ஃபீஸ் பாக்கி" என்று பெயர் வாசிக்கும்போதுதான் பிள்ளை குன்றிப்போகும். தவணை தள்ளிப் போகுமென்றால் மே மாதமே எழுத்தில் கொடுத்து, பேச்சு அலுவலகத்தோடு நிற்கட்டும், பிள்ளையிடம் கேட்க வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, இரண்டாவது சோடி யூனிபார்ம். ஜூன் சாரலில் துவைத்த பாவாடை ஒரு ராத்திரியில் காயாது. இடுப்புப் பட்டியும் மடிப்புத் தையலும் ஈரமாகவே இருக்கும், பத்து மணிக்கெல்லாம் மக்கல் வாடை வரும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளை ஒரு தடவை மூக்கைப் பொத்தினால் போதும். டூர் பணத்தை விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள்.

மனநல ஆலோசகர்:
ஆய்வுகளும் இதையொட்டியே சொல்கின்றன. அமெரிக்காவில் செரோக்கி பழங்குடியினர் 1990-களில் சூதாட்ட விடுதி திறந்து, லாபத்தில் ஒரு பங்கைக் குடும்பங்களுக்குப் பிரித்தார்கள். வறுமையிலிருந்து மேலே வந்த வீட்டுப் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், அடம் போன்ற நடத்தைக் கோளாறுகள் குறைந்தன. பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே முக்கியக் காரணம் என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் பதற்றமும் மனச்சோர்வும் அந்த அளவு மாறவில்லை. ஆகவே காசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

நமக்கு நெருக்கமானது 2013-ல் சயின்ஸ் இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அதே ஆள், கையில் காசில்லாத நாட்களில் புதிர்த் தேர்வில் குறைவாக எடுத்தார். ஜூனில் உங்கள் வீட்டுச் சத்தத்துக்குக் குணத்தைவிட இதுதான் காரணமாக இருக்கும்.

மகளின் "வேண்டாம்" பொறுப்பு என்று மெச்சவேண்டிய விஷயம் இல்லை. அவள் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கணக்கை மறைக்காமல் அளவாகச் சொல்லுங்கள்: "இந்த மாசம் டூர் முடியாது, டிசம்பர்ல புத்தாடை உண்டு." சொன்ன தேதியில் அது நடக்கணும். "உனக்காகத்தான் வளையலை வச்சேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாதம் ஐம்பது ரூபாயானாலும் அவள் கையில் கொடுத்து, அதற்குக் கணக்குக் கேட்காமல் இருங்கள்.

வளைகுடாக்காரன்:
இங்க வளைகுடாவுல வேலை பார்க்குற பாதிப்பேர் வீட்டுல ஃபீஸ் ஒண்ணாம் தேதியே கட்டியாச்சு. ஆனா பிள்ளை அப்பாகிட்ட பேசுறது வீடியோ கால்ல மட்டும்தான். அதையும் கணக்குல எடுக்கணும்லா?

குலசேகரத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுல 20 மாச சிட்டி (ஏலச்சீட்டு) ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க, மாசம் 1,000. ஜூன்ல எடுத்து ஃபீஸ் கட்டலாமா?

ஷீட்டுக்கடை:
ஜூன்ல எல்லாருக்கும் காசு வேணும், ஏலத்துல தள்ளுபடி ஏறும். 20,000 சிட்டியை 4,000 தள்ளி எடுத்தா கையில 16,000. மீதித் தவணை பிப்ரவரி, மார்ச்லயும் கட்டியாகணும். பதிவு இல்லாத சிட்டின்னா ஆள் ஓடினா கேக்க நாதியில்ல. சேரணும்னா பதிவான இடத்துல, கடைசித் தவணை மே-ல முடியிற மாதிரி பார்த்துச் சேருங்க, தள்ளாம, நடத்துறவங்க கமிஷன் மட்டும் போக எடுக்கலாம். இந்த ஜூனுக்கு வேற வழியில்லன்னா கூட்டுறவுச் சங்கத்துல நகையை வைங்க. வட்டியை மட்டுமாவது ஜனவரிக்குள்ள கட்டிருங்க, வருஷம் தாண்டினா ஏல நோட்டீஸ் வந்து நிக்கும்.