மறு: வாசகசாலைக் கல்வெட்டு - ஆளுக்கு 10,000

அண்ணாச்சிமார், அத்தான்மார், மதினிமார் எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணாச்சியின் மடல் கிடைத்தது. வாசகசாலை வாசலில் நம் மண்ணின் பெரிய பிள்ளைமார் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி வைக்க ஆளுக்கு 10,000 ரூபாய். கல் எத்தனை அடி, எழுத்து வெட்டக் கூலி என்ன, ஒரு வரி இல்லை. எனக்குக் கணக்குப்பிள்ளை என்று பேர் வைத்திருப்பதாக மஸ்கட் மாமா சொன்னார்கள். சரி, இருந்துவிட்டுப் போகிறேன். மடை பழுது பார்க்க வசூலித்த பணத்துக்கு ரசீது எங்கே?

பட்டியலுக்கு வருகிறேன். ரா.பி. சேதுப்பிள்ளையை நம்மூர்க்காரர் என்று போட்டிருக்கிறீர்கள். அவர் ராஜவல்லிபுரம். ஊர்ப்பெயர்களுக்கென்றே 'ஊரும் பேரும்' எழுதியவருக்கு ஊரை மாற்றிக் கல்லில் வெட்டினால் ராஜவல்லிபுரத்துக்காரன் சும்மா இருப்பானா? மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். வ.உ.சி. ஓட்டப்பிடாரம்; 1986-இல் திருநெல்வேலி ஜில்லாவைப் பிரித்ததில் அது தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. பெண் எடுத்த வகையில் எல்லோரும் சொந்தம்தான் என்று மேலத்தெரு அத்தான் சொல்வார். அப்படிப் பார்த்தால் ஜில்லாவில் யார்தான் சொந்தமில்லை?

அனுப்பிய மாதிரிப் படத்தில் பேரைவிடப் 'பிள்ளை'தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. மரியாதைக்குக் கொடுத்த பட்டம், தலைமுறை தலைமுறையாகப் பேரோடு ஒட்டிக்கொண்டது. வாசகசாலைக்கு ஓடு வாங்கிக் கொடுத்த கீழத்தெருக்காரர்களுக்கு அந்தப் பட்டம் கிடையாது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், பேசாமல் வாசித்துக்கொண்டு.

என் அத்தை மகள் போன மாதம் ஊருக்குப் போயிருந்தாள். தென்மேற்கு மூலையில் ஓடு சரிந்து, மழைத் தண்ணீர் நேராக இரும்பு பீரோவில் இறங்குகிறதாம். தமிழ் லெக்சிகன் தொகுதிகளை யூரியாச் சாக்கில் கட்டிப் பெஞ்சுக்கடியில் தள்ளியிருக்கிறார்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். தாளோடு தாள் அப்பிக்கொண்டு, ஓரமெல்லாம் கரையான் மண். அந்த அகராதிக்குப் பல வருஷம் பதிப்பாசிரியராக இருந்தவர் சிக்கநரசையன் கிராமத்து வையாபுரிப் பிள்ளை. உங்கள் பட்டியலில் மூன்றாவது பேர். அவர் உழைப்பு உள்ளே மக்குகிறது, நாம் வாசலில் அவர் பேரை வெட்டப் போகிறோம்!

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் நான் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படித்தேன். விளக்கை அணைக்காமல் ஒன்பதரை வரை காத்திருப்பார் செயலாளர் அண்ணாச்சியின் அப்பா. அந்த நன்றி இருப்பதால்தான் இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

நிதி கேட்பதில் தப்பில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு வ.உ.சி.யும் ஊர் ஊராகக் கேட்டார். மூலதனம் 10 லட்சம், பங்கு 40,000, ஒரு பங்கு 25 ரூபாய் என்று கணக்கு முன்னால் இருந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவருக்கே அது வேண்டியிருந்தது. நமக்கு வேண்டாமா?

மடைக் கணக்கும் ஓடு மாற்ற ஆசாரி கொடுக்கும் மதிப்பீடும் வரட்டும். வந்த அன்றைக்கே 20,000 அனுப்புகிறேன், ஓட்டுக்கும் பீரோவுக்கும். கல்லுக்கு என் பங்கு கிடையாது.

பி.கு: மேலத்தெரு அத்தான், பதில் எழுதுவதானால் இங்கேயே எழுதுங்கள். எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு அழ வைக்க வேண்டாம்.