ஜிம் பழகின உடம்புக்கு 7 நிமிஷ சர்க்யூட் ஒத்து வருமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க

இரும்புத்தோள்:
ஜிம் போக ஆரம்பிச்சு 6 வருஷம் ஆச்சு. டெட்லிஃப்ட் (தரையில இருந்து எடையத் தூக்கறது) 150 கிலோ, ஸ்குவாட் (தோள்ல எடையோட உக்காந்து எழறது) 120, பெஞ்ச் (மல்லாந்து படுத்து எடைய மேல தள்றது) 95ல நிக்குது. பீத்திக்கறதுக்குச் சொல்லல, இவ்ளோ தூக்கறவன் எப்படி மண்ணக் கவ்வினான்னு புரியணும்ல, அதுக்குத்தான். போன மாசம் வேலை விஷயமா 3 வாரம் வெளியூர், பக்கத்துல ஜிம்மே கெடையாது. சும்மா படுத்துக் கெடக்கறதுக்கு இதையாவது செய்வோம்னு அந்த 7 நிமிஷ சர்க்யூட்ட எடுத்தேன். 2013ல அமெரிக்காவுல பிரெட் கிளிக்கா, கிறிஸ் ஜோர்டன்னு ரெண்டு பேர் எழுதின ஒரு கட்டுரையில வந்த பட்டியல் அது, அப்புறம் ஆப் ஆப்பா பரவிடுச்சு. 12 பயிற்சி, ஒவ்வொண்ணும் 30 செகண்ட், நடுவுல 10 செகண்ட் கேப். சாமான்னு பாத்தா ஒரு செவுரு, ஒரு நாற்காலி, அவ்ளோதான்.

மொத நாள் ஜம்பிங் ஜாக்ஸ், வால் சிட் (செவுத்துல முதுகச் சாய்ச்சு, நாற்காலி இல்லாமலே உக்காந்த மாதிரி நிக்கறது), புஷ் அப் வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் போனேன், இதெல்லாம் நமக்கு வார்ம் அப்புடான்னு. க்ரன்ச், நாற்காலி மேல ஸ்டெப் அப், ஸ்குவாட், டிப்ஸ் (நாற்காலி விளிம்புல கைய பின்னாடி ஊனி உடம்ப எறக்கி ஏத்தறது), பிளாங்க் (முழங்கைய ஊனி உடம்பப் பலகை மாதிரி நேரா பிடிக்கறது) முடிஞ்சு 9வதா ஹை நீஸ் வந்துச்சு பாருங்க, நின்ன இடத்துல முட்டியத் தூக்கித் தூக்கி ஓடணும், அதுல 15 செகண்ட்லயே வாயப் பொளந்துட்டேன். அதுக்கு மேல லஞ்சஸ், சுத்தித் திரும்பற புஷ் அப், சைட் பிளாங்க். சைட் பிளாங்க்ல இடது பக்கம் பண்ணவே இல்ல, அப்படியே சரிஞ்சு தரையில கெடந்தேன், காதுக்குள்ள டொம்மு டொம்முன்னு சத்தம். கணக்குப் போட்டா 12 முப்பதும் 11 பத்தும் சேத்து 470 செகண்ட், அதாவது 7 நிமிஷம் 50 செகண்ட். பேருல இல்லாத அந்த 50 செகண்ட்லதான் என் உசிரு போச்சு.

யோசிச்சுப் பாத்தா காரணம் சிம்பிள். ஜிம்ல நான் 40 செகண்ட் தூக்குவேன், 3 நிமிஷம் போன நோண்டுவேன். இங்க கால் வேலை முடிஞ்சா கை, கை முடிஞ்சா வயிறுன்னு மாத்தி மாத்தி வைக்கறதால தசைக்கு ஓய்வு கெடைக்குது, நெஞ்சுக்கு மட்டும் கெடைக்கவே மாட்டேங்குது. 6 வருஷமா நான் ஏமாத்திட்டு வந்த எடம் அதுதான்.

ஆனா கதை அங்க முடியல. 10 நாள்ல உடம்பு பழகிடுச்சு, 3வது வாரம் வால் சிட்ல உக்காந்துகிட்டு மெசேஜ் படிக்கற அளவுக்கு ஆயிட்டேன், ரெண்டு ரவுண்டு மூணு ரவுண்டுன்னு ஏத்தினாலும் மூச்சுதான் வாங்குதே தவிர தசைக்கு ஒண்ணும் உறைக்கல. திரும்பி வந்து ஜிம்ல மொத நாள்: பெஞ்ச் அப்படியே இருக்கு, புல் அப் (கம்பியில தொங்கி உடம்ப மேல இழுக்கறது) 11ல இருந்து 8க்கு எறங்கிடுச்சு, டெட்லிஃப்ட்ல 140க்கே எடைக் கம்பி தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பட்டியல எடுத்து வெச்சு எண்ணினேன். தள்றது இருக்கு, உக்காந்து எழறது இருக்கு, 12ல ஒண்ணு கூட இழுக்கறது இல்லைங்க! முதுகுக்கு ஒண்ணுமே கெடையாது.

உங்களுக்கு எப்படி ஆச்சு? விட்டுட்டீங்களா, இல்ல ஜிம்மோட சேத்துப் பண்றீங்களா?

வலதுதோள்:
என் கதை சின்னது, அசிங்கமானது. ஆபீஸ்ல எல்லாரும் கெளம்பினதுக்கப்புறம் ஒரு ரவுண்டு போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்னு ஆரம்பிச்சேன். ஸ்டெப் அப்புக்கு ஒரு நல்ல மர நாற்காலி இருந்துச்சு, 10 செகண்ட் கேப்ல தண்ணி குடிச்சுட்டுத் திரும்பி டிப்ஸுக்குப் பக்கத்துல இருந்தத இழுத்துப் போட்டு கைய வெச்சேன், அதுல சக்கரம். மூணாவது ரெப்ல நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தோள் பின்னாடி முறுக்கி 5 வாரம் பெஞ்ச் பக்கமே போகல. ஜிம்ல எடைக் கம்பிக்கு கிளிப் மாட்டிட்டமான்னு ரெண்டு தடவ பாக்கறவன் நானு, ஆனா கடிகாரம் ஓடுதுன்னு தெரிஞ்சா மூளை வேற மாதிரி வேலை செய்யுது.

பிசியோகிட்ட போனப்ப சொன்னாங்க, நாற்காலி நல்லாவே இருந்திருந்தாலும் அவ்ளோ ஆழமா எறங்கினா தோளோட முன்பக்கம் இழுபடும், மேல் கை தரைக்கு இணையா வர்றப்பவே நிறுத்திக்கோங்கன்னு. இப்ப டிப்ஸ தூக்கிட்டு கைய நெருக்கி வெச்ச புஷ் அப் பண்றேன்.

அரைத்தூக்கம்:
நான் கல்யாணத்துக்கு முன்னாடில இருந்தே ஜிம் போறவ, வாரம் 5 நாள். கைக்குழந்தை வந்தப்புறம் அது 2 நாளாச்சு, அந்த 2 நாளும் அவர் சீக்கிரம் வந்தாதான். மொதல்ல அழுகையே வந்துச்சு, இத்தன வருஷம் சேத்ததெல்லாம் கரைஞ்சு போயிடும்னு.

கரையலங்க, அதச் சொல்லத்தான் வந்தேன். அந்த 2 நாள்ல வேற எதையும் தொடறதில்ல, ஸ்குவாட், ரோ (குனிஞ்சு எடைய இழுக்கறது), பிரஸ் (எடைய மேல தள்றது), டெட்லிஃப்ட் மட்டும்தான், செட்ட பாதியாக் குறைச்சேன், எடையக் குறைக்கவே இல்ல. பலத்த ஏத்தறதுக்குத்தான் நெறைய உழைப்பு வேணும், இருக்கறதக் காப்பாத்திக்க வாரம் ஒரு நாள், ரெண்டு நாள் கூடப் போதும், தூக்கற எடை மட்டும் அதே அளவுல இருக்கணும், இது ஆராய்ச்சியிலயும் பாத்த விஷயம்தான். மீதி நாள் குழந்தை தூங்கறப்ப சர்க்யூட். அதுவும் எப்ப எழும்னு தெரியாதுல்ல, 6வது பயிற்சியோட நிறுத்தின நாள்தான் அதிகம். ஒரு நாள் பிளாங்க்ல இருக்கேன், முழிச்சுகிட்டு தவழ்ந்து வந்து என் மூக்கப் பிடிச்சு இழுக்குது, என்ன பண்ண.

ஜிம்முக்குப் பதிலான்னு கேட்டா இல்ல. ஆனா ஜிம்முக்கு நடுவுல இருக்கற நாள நிரப்ப இதுக்கு மேல சௌகரியமா ஒண்ணு எனக்குக் கெடைக்கல. இன்னொண்ணும் கவனிச்சேன், ஸ்குவாட் செட்டுக்கு நடுவுல முன்ன 4 நிமிஷம் நிப்பேன், இப்ப 2 நிமிஷத்துல அடுத்த செட்டுக்கு ரெடி.

கணக்குப்புள்ள:
எல்லாரும் உருகறீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன், கோச்சுக்காதீங்க. 70 கிலோ ஆளுன்னு வைங்க, இந்த மாதிரி வேகமான பயிற்சிக்கு 8 மெட்னு (சும்மா உக்காந்திருக்கறப்ப எரியறதப் போல 8 மடங்கு) கணக்கு வெச்சா ஒரு ரவுண்டுக்கு சுமாரா 75 கலோரி. அதுக்கப்புறமும் மணிக்கணக்கா எரிஞ்சுகிட்டே இருக்கும்னு சொல்றாங்களே, அந்த எரியறது ரொம்பக் கொஞ்சம். நான் கொழுப்பக் குறைக்கணும்னு 2 மாசம் தெனம் ஒரு ரவுண்டு பண்ணேன், எடை முள்ளு அசையல. அசையாதுதான், ஏன்னா அந்த 2 மாசமும் "இன்னைக்கு சர்க்யூட் பண்ணியாச்சு"ன்னு சாயங்காலம் நடக்கறத விட்டுட்டேன், நடந்திருந்தா அதுலயே இத விட அதிகமா எரிஞ்சிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு, கடுமையான உடற்பயிற்சின்னா வாரத்துக்கு 75ல இருந்து 150 நிமிஷம், தசைப் பயிற்சி ரெண்டு நாளாவது தனி. தெனம் ஒரு ரவுண்டுன்னா 7 நாளைக்கு 55 நிமிஷம் கூட முழுசா வரல. அந்த 2013 கட்டுரைக்காரங்களே ரெண்டு மூணு தடவ திருப்பிச் செய்யலாம்னுதான் எழுதினாங்க, ஆப் விக்கறவங்க அந்த வரிய லேசா மறந்துட்டாங்க.

விசில்:
நான் ட்ரெயினர். ஜிம்ல வெயிட் போடறவங்கள வெச்சு வாரம் ஒரு நாள் சர்க்யூட் கிளாஸ் எடுக்கறேன், அதனால கணக்குப்புள்ள சாருக்கும் இரும்புத்தோள் ப்ரோவுக்கும் சேத்தே சொல்றேன்.

சர்க்யூட்ங்கறது ஆப் காலத்துச் சரக்கு இல்ல. 1953ல இங்கிலாந்துல லீட்ஸ் பல்கலைக்கழகத்துல மார்கன், ஆடம்சன்னு ரெண்டு பேர் உருவாக்கினது. ஒவ்வொரு ஆளோட தெம்புக்கு ஏத்த மாதிரி அளவு வெச்சு, ஏத்திக்கிட்டே போறதுதான் அதோட உயிரு. இப்ப எல்லாருக்கும் ஒரே 30 செகண்ட்னு ஆனப்ப அந்த உயிரு போயிடுச்சு. டபாட்டாங்கற பயிற்சியும் இப்படித்தான் ஆச்சு, 1996ல ஜப்பான்ல சைக்கிள்ல வெச்சு, 20 செகண்ட் மிதி 10 செகண்ட் நிறுத்துன்னு 7, 8 தடவையில ஆள் மேல மிதிக்கவே முடியாம நிக்கற மாதிரிச் செஞ்சது, இப்ப க்ரன்ச் பண்ணாலும் டபாட்டாங்கறாங்க.

என் கிளாஸ்ல அடிக்கடி படுக்கறது யாருன்னு நெனைக்கறீங்க, புதுசா வர்றவங்க இல்ல. அவங்களுக்கு பயம் இருக்கும், மெதுவா ஆரம்பிப்பாங்க. பெஞ்ச் 100 தாண்டினவர்தான் மொத ஸ்டேஷன்லயே 30 செகண்டுக்குள்ள 35 புஷ் அப் அடிச்சுட்டு அஞ்சாவது ஸ்டேஷன்ல வாளியத் தேடுவாரு. ஒரு தம்பி கையில துண்டோட பாத்ரூமுக்கு ஓடிட்டுத் திரும்பி வந்து "அண்ணே காலைல ஒண்ணும் சாப்பிடல, அதான்"ன்னாப்ல. நானும் ஆமாடான்னுட்டேன். பாவம், அவனுக்கும் ஒரு மானம் இருக்குல்ல.

தசைக்கு ஏன் உறைக்கலன்னு ப்ரோ கேட்டாப்லல்ல. புஷ் அப்ல கைக்கு வர்றது உங்க எடையில மூணுல ரெண்டு பங்கு, 80 கிலோ ஆளுக்கு 52, 53 கிலோ. பெஞ்ச்ல 95 போடறவருக்கு 53 கிலோவ 30 செகண்ட் கொடுத்தா அது வார்ம் அப் செட்டு. எடைய ஏத்த முடியலன்னா வேகத்தக் குறைங்க, எறங்க 4 செகண்ட், கீழ ஒரு செகண்ட் நிப்பு. கால நாற்காலி மேல வைங்க. ஸ்குவாட்ட ஒத்தக் கால்ல மாத்துங்க. க்ரன்ச்ச தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல ஒரு முதுகுப்பையில புத்தகமோ தண்ணி பாட்டிலோ ரொப்பி குனிஞ்சு இழுங்க, ரோ ஆயிடும். லெக் டேக்கு, அதாவது ஜிம்ல கால் பயிற்சி செஞ்ச நாளுக்கு, மறுநாள் மட்டும் குதிக்கறத வெச்சுக்காதீங்க, தொடை செத்துப் போயிருக்கறப்ப எறங்கற அடி முழுக்க முட்டிக்குத்தான் போகும்.

பழையகட்டை:
தம்பிங்களா, எனக்கு 57. வெயிட் தூக்க ஆரம்பிச்சு 20 வருஷத்துக்கு மேல ஆகுது, பிரஷர் மாத்திரை 6 வருஷமா. பையன் காட்டினான்னு இத ஆரம்பிச்சேன். வால் சிட்ல உக்காந்து தொடை எரிய ஆரம்பிச்சதும் பழக்க தோஷம், டெட்லிஃப்ட்டுக்குப் பிடிக்கற மாதிரி மூச்சப் பிடிச்சு வயித்த இறுக்கிட்டேன். டைமர் அடிச்சதும் எழுந்தேன், செவுரு சுத்துது. பக்கத்துல கட்டில் இருந்ததால பொழச்சேன்.

டாக்டர்கிட்ட போய் ஒளிக்காம சொன்னேன். அசையாம ஒரே நிலையில பிடிச்சுகிட்டு இருக்கறதோட மூச்சையும் அடக்கினா பிரஷர் சர்ருன்னு ஏறும், விட்டதும் எறங்கும்னாரு. பண்ண வேண்டாம்னு சொல்லல, மூச்ச விட்டுப் பண்ணுங்கன்னாரு. அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, வால் சிட், பிளாங்க் ரெண்டுலயும் சத்தமா ஒண்ணு ரெண்டு எண்றது. வாய் பேசிகிட்டே இருந்தா மூச்ச அடக்க முடியாதுல்ல. வீட்டம்மா உள்ள இருந்து "யாருகிட்ட பேசறீங்க"ன்னு கேப்பாங்க, அது ஒண்ணுதான் தொந்தரவு.

நாலு மாசம் ஆச்சு. வெயிட் கூடல, கொறையவும் இல்ல. மூணு மாடி ஏறிட்டு கதவு முன்னாடி நின்னு சாவி தேடற மாதிரி நடிப்பேன் முன்ன, மூச்சு வாங்கறது தெரியக் கூடாதுன்னு. இப்ப நேரா சாவியப் போட்டுத் தொறக்கறேன்.

இரும்புத்தோள்:
ஐயா, அந்த சாவி மேட்டர்ல நானும் மாட்டிகிட்டேன், அப்படியே என்னச் சொன்ன மாதிரி இருக்கு.

விசில் அண்ணே, நீங்க சொன்னபடி மாத்திப் பாத்தேன். ஜிம் 4 நாள் அப்படியே, நடுவுல 2 நாள் சர்க்யூட், 3 ரவுண்டு. க்ரன்ச்சுக்குப் பதிலா பையில 14 கிலோ ரொப்பி ரோ, டிப்ஸ் கட், புஷ் அப் கால மேல வெச்சு 4 செகண்ட் எறக்கம். 30 செகண்ட்ல அஞ்சு ஆறுதான் வருது, ஆனா ரெண்டாவது ரவுண்டுல கை நடுங்குது, அந்த நடுக்கத்தப் பாத்து எவ்ளோ நாளாச்சு. கணக்குப்புள்ள சொன்னதும் ஒத்துக்கறேன், எடை குறையணும்னு இதுல எறங்கினா ஏமாந்துதான் போவீங்க. நான் மூச்சுக்காகப் பண்றேன், அதுக்கு இது போதும்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. நேத்து ராத்திரி ஒம்போதரைக்கு ஹை நீஸ் பண்றப்ப கீழ் வீட்டுக்காரரு மேல வந்து கதவத் தட்டிட்டாரு, கையில தொடப்பக்கட்டை, அதால சீலிங்க இடிச்சிருக்காரு போல, எனக்குத்தான் கேக்கல. நான் வேர்த்து விறுவிறுத்து நிக்கறேன், அவரு என்னப் பாத்து பயந்துட்டு "தம்பி உடம்புக்கு ஒண்ணும் இல்லையே"ன்னு கேக்கறாரு. சத்தம் வராம இதே மாதிரி மூச்சு வாங்க வைக்கற பயிற்சி ஏதாவது இருந்தா சொல்லுங்கப்பா.

விசில்:
மவுன்ட்டன் கிளைம்பர் பண்ணு, அதாவது புஷ் அப் நிலையில கைய ஊனிகிட்டு முட்டிய மாத்தி மாத்தி நெஞ்சுப் பக்கம் கொண்டு வர்றது. காலுக்கடியில ஒரு பழைய துண்ட வெச்சு, தூக்காம தேய்ச்சு இழு. டைல்ஸ் தரைன்னா சத்தமே வராது. மூச்சப் பத்தி மறுநாள் வந்து சொல்லு.