கைப்பர் என்னும் டச்சுக் குடும்பப்பெயருக்கு ஆங்கிலத்தில் பொருள் உண்டா?

கேள்வி (பள்ளி ஆசிரியை, காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். சூரியக் குடும்பம் பற்றிய பாடத்தில், நெப்டியூனுக்கு அப்பால் சிறுபொருள்கள் நிறைந்துள்ள கைப்பர் பட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவி, கைப்பர் என்றால் டச்சு மொழியில் பீப்பாய் செய்பவர் என்று அகராதியில் கண்டதாகவும், அப்படியானால் அந்தப் பட்டை பீப்பாயைச் சுற்றி இறுக்கும் இரும்புப் பட்டையை வைத்து வந்த பெயரா என்றும் கேட்டாள். சிந்தித்துக் கேட்ட கேள்வி என்பதால் சரியான விடையோடு வகுப்புக்குப் போக விரும்புகிறேன். ஆங்கிலத்தில் இப்பெயரை எழுதுவோர் அந்தத் தொழிலையும் எண்ணித்தான் எழுதுகிறார்களா?

மறுமொழி (தேவகோட்டை வாசகர்)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மாணவி அகராதியில் கண்டது முற்றிலும் சரி. பட்டையைப் பற்றிய ஊகம் மட்டும் பொருந்தாது. தொட்டியையும் பீப்பாயையும் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து பிறந்த தொழிற்பெயர் இது. மீனவரைக் குறிக்கும் விஸர், மாவரைப்பவரைக் குறிக்கும் முல்டர், ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் பக்கர் ஆகியவையும் இவ்வகையே. குடிநீரும் உப்பிட்ட இறைச்சியும் பீப்பாயில்தான் கடலேறின என்பதால், நம் நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களிலும் இத்தொழிலாளர்கள் பயணம் செய்தார்கள்.

ஆனால் 1811இல் நெப்போலியனின் ஆணைப்படி குடும்பப்பெயர்கள் பதிவேட்டில் ஏறி நிலைத்த பிறகு, தொழில் மாறினாலும் பெயர் மாறவில்லை. பட்டைக்குப் பெயர் தந்த வானியலாளர் ஜெரார்டு கைப்பர் 1905இல் நெதர்லாந்தில் பிறந்தவர். அவருடைய தந்தை தையற்காரர். 1933இல் அமெரிக்கா சென்ற ஜெரார்டு, 1948இல் யுரேனஸின் துணைக்கோளான மிராண்டாவையும் 1949இல் நெப்டியூனின் துணைக்கோளான நெரீடையும் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் கைப்பர் என்றால் அந்த மனிதர்தான். பீப்பாய் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. நம் பக்கத்தில் ஒருவருடைய பெயருக்கு முன்னால் 'பழ.' என்று இருந்தால், அதைப் பழனியப்பன் என்று படிப்போமே தவிர, பழம் என்று யாரும் படிப்பதில்லை அல்லவா? அதைச் சொன்னால் மாணவிக்கு உடனே விளங்கும்.

மறுமொழி (கண்டனூர் வாசகர்)

மேலே உள்ள விடையோடு உடன்படுகிறேன். சொல்லின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வது நல்லது. பீப்பாய் செய்பவரை ஆங்கிலத்தில் குறிக்கும் கூப்பர் என்ற சொல்லே இடைக்கால டச்சு மற்றும் வட ஜெர்மனியின் கீழ் ஜெர்மன் வழக்கிலிருந்து போனதுதான். பின்னர் டச்சில் அந்த உயிரொலி திரிந்துவிட, ஆங்கிலம் பழைய ஊகார ஒலியையே வைத்துக்கொண்டது. ஆகவே கூப்பரும் கைப்பரும் ஒரே வேரின் இரு கிளைகள். ஆனாலும் கைப்பர் பட்டையைக் கூப்பர் பட்டை என்று எவரும் எழுதமாட்டார்கள். தொழிலைக் குறிக்கும்போது மட்டுமே பொருளை மொழிபெயர்க்கலாம், ஆளைக் குறிக்கும்போது பெயர் அப்படியே நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒலிப்பைப் பொறுத்தவரை, இதழைக் குவித்துச் சொல்லும் டச்சு ஈருயிர் (இரண்டு உயிர்கள் இணைந்த ஒலி) தமிழில் இல்லை. ஆங்கிலேயர் 'வைப்பர்' என்பதற்கு எதுகையாகவே சொல்வதால் நம் 'கைப்பர்' போதுமானது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம்: விண்வெளி வீரர் ஆந்த்ரே கைப்பர்ஸ் என்று படித்தேன். கடைசியில் வரும் அந்த 'ஸ்' பன்மையா?

மறுமொழி (கண்டனூர் வாசகர்)

பன்மை அன்று. கைப்பரின் மகன் என்பதுபோல உடைமையைக் காட்டும் பழைய டச்சு விகுதி அது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பியர் கைப்பர்ஸின் பெயரிலும் அதுவே உள்ளது. ஆகவே இவற்றில் 'ஸ்' விடுபடாமல் எழுதுங்கள். பட்டையின் பெயரில் அதைச் சேர்க்காதீர்கள்.

மறுமொழி (தேவகோட்டை வாசகர்)

மாணவிக்கு இதையும் சொல்லுங்கள்: அப்பகுதியில் ஆதியில் இருந்த சிறுபொருள்களின் வட்டு புளூட்டோவால் சிதறிப்போயிருக்கும் என்றே 1951இல் கைப்பர் கருதினார். ஆனால் 1992இல் வானியலாளர்கள் ஜேன் லூ, டேவிட் ஜூவிட் இருவரும் அங்கே ஒரு பொருளைக் கண்டனர். கைப்பருக்கு முன்பே அத்தகைய பகுதியைப் பற்றி எழுதிய கென்னத் எட்ஜ்வொர்த்தின் பெயரையும் இணைத்து எட்ஜ்வொர்த்-கைப்பர் பட்டை என்று எழுதுவோர் உண்டு.