ஏடிஏ 40 தாண்டினால் டிபியேதானா?

வண்டலூர்வாசி:
நேற்று பக்கத்து இழையில் ஸ்டெதஸ்கோப் ஐயா தீர்ப்பு ஒன்று எழுதியிருந்தார். அப்படியே ஒட்டுகிறேன்: "பீடி சிகரெட் தொடாத பெண்ணுக்கு நெஞ்சில் நீர் கோத்தால் நம் ஊரில் அது டிபி. நீரில் ஏடிஏ 40-ஐத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் எடுக்கிற டெஸ்ட் எல்லாம் வசூல்." ஏடிஏ என்பது அந்த நீரில் அளக்கிற ஒரு என்சைம். இதற்குக் கைதட்டல் வேறு.

என் அண்ணிக்கு 52 வயது. விறகடுப்புப் புகையைத் தவிர வேறு புகை அறியாதவர். வலது பக்கம் நீர் கோத்தது. ஏடிஏ 46. உடனே டிபி மாத்திரை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது, ஈரல் என்சைம் ஏறியது, பசி போனது. நீர் மட்டும் போகவில்லை. எடுக்க எடுக்க ஊறியது. முதலில் வைக்கோல் நிறம், பிறகு ரத்தம் கலந்து வந்தது. கடைசியில் வேறு ஊரில் பார்த்துச் சொன்னார்கள், நுரையீரல் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய், நாலாம் நிலை. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இந்த 40 என்ன கல்வெட்டா?

ஸ்டெதஸ்கோப்:
உங்கள் அண்ணிக்காக வருந்துகிறேன். ஆனால் ஒரு வீட்டுக் கதையை வைத்து வைத்தியம் எழுத முடியாது. உலகத்து டிபி நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நெஞ்சு நீரில் டிபி கிருமி எண்ணிக்கையில் குறைவு. மைக்ராஸ்கோப்பில் சிக்காது, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் போட்டாலும் பாதிக்கு மேல் நெகட்டிவ் வரும். அதனால்தான் ஏடிஏ. லிம்போசைட் என்ற வெள்ளணு மிகுந்த நீர், ஏடிஏ 40-க்கு மேல். இரண்டும் சேர்ந்தால் நான் டிபி என்றுதான் எழுதுவேன். நாளைக்கும் எழுதுவேன்.

மெழுகுக்கட்டி:
வந்துவிட்டேன். திசுவை மெழுகில் பதித்துச் சீவி ஸ்லைடு போடுகிற கூட்டத்தில் நான் ஒருவன், அறிமுகம் போதும்.

ஏடிஏ பார்க்க இரண்டு மில்லி நீர் போதும். நீங்கள் எடுத்தது ஒரு லிட்டருக்குக் குறையாது. மிச்ச நீர் எங்கே ஐயா?

ஏடிஏ என்பது டிபி கிருமி சுரக்கும் பொருள் இல்லை. நம் உடம்பின் லிம்போசைட்டும் மோனோசைட்டும் விடுகிற என்சைம். அவை எதற்காகக் கூடினாலும் ஏறும். சீழ் கோத்தால் ஏறும், முடக்குவாதத்தில் ஏறும், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் ஏறும். அடினோகார்சினோமாவில் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் சிலருக்கு 40-ஐத் தாண்டும். அந்தச் சிலரில் ஒருவர்தான் வண்டலூர்க்காரரின் அண்ணி.

ஸ்டெதஸ்கோப்:
"சிலருக்கு". நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. மிச்சம் எல்லாருக்கும்? டிபி.

மெழுகுக்கட்டி:
மிச்சம் எல்லாரையும் அப்புறம் பேசலாம். மிச்ச நீர் எங்கே?

எக்செல் ஏகாம்பரம்:
இரண்டு பேரும் உணர்ச்சிவசப்படாதீர்கள். இதற்குக் கணக்கு இருக்கிறது. ரத்தத்தில் உள்ள எல்டிஎச் என்ற என்சைமை நெஞ்சு நீரின் ஏடிஏ-வால் வகுக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் புற்றுநோய்ப் பக்கம், குறைந்தால் டிபி பக்கம். முடிந்தது. வண்டலூர் சார், அண்ணியின் எல்டிஎச் எவ்வளவு?

வண்டலூர்வாசி:
ஃபைலில் 412 என்று இருக்கிறது.

எக்செல் ஏகாம்பரம்:
412 வகுத்தல் 46. 8.96. அப்படியென்றால் டிபி.

வண்டலூர்வாசி:
சார், அவருக்குக் கேன்சர். பயாப்சியில் வந்தாயிற்று.

எக்செல் ஏகாம்பரம்:
எல்டிஎச் தப்பாக எடுத்திருப்பார்கள்.

கீதா_நெல்லை:
என் அம்மாவுக்கு இருமலே கிடையாது. மூட்டு வலிதான். கணுக்கால், முழங்கால் இரண்டும் வீங்கி, இரவில் போர்வை பட்டாலே கத்துவார். வாதம் என்று ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு எலும்பு டாக்டர் ஊசி போடப் போனவர் நின்று, அம்மாவின் கைவிரலைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண் மேடாகி நுனி உருண்டிருந்தது. இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் மடக்கி நகத்தோடு நகம் ஒட்டி வைக்கச் சொன்னார். நமக்கெல்லாம் அடியில் வைர வடிவில் குட்டி இடைவெளி தெரியுமே, அம்மாவுக்கு வெளிச்சமே வரவில்லை. மூட்டுக்கு ஊசியே போடவில்லை, மார்பு எக்ஸ்ரேக்கு அனுப்பினார். இடது மேல் பகுதியில் கட்டி. அடினோ.

மெழுகுக்கட்டி:
பாருங்கள், பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் நகத்திலேயே கிடைக்கிறது. ஷாம்ரோத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் தனக்கே இதய உள்சவ்வில் தொற்று வந்தபோது தன் விரலில் கவனித்து எழுதிய அடையாளம் அது. அம்மாவுக்கு வந்த மூட்டு வலி, நுரையீரல் கட்டி நீளெலும்புகளின் மேலுறையைத் தூண்டிவிடுவதால் வருவது. கட்டியை எடுத்தால் வலி சில நாளிலேயே அடங்கும்.

ஸ்டெதஸ்கோப்:
நாள்பட்ட டிபியிலும் நகம் உருளும். எழுதியிருக்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை குமார்:
நானும் விரலை ஒட்டிப் பார்த்தேன். இடைவெளி தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

மெழுகுக்கட்டி:
தம்பி, நகத்தை வெட்டிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

ஸ்டெதஸ்கோப்:
இதுதான் இந்த இழையின் தரம். ஒருவருக்கு நகம், ஒருவருக்கு எக்செல். நான் 40 என்று சொன்னதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மெழுகுக்கட்டி:
சொல்லியாயிற்று. உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சரி, விளக்கமாகவே எழுதுகிறேன். நீரை ஐம்பது அறுபது மில்லியாவது எங்களுக்கு அனுப்புங்கள். சுழற்றினால் அடியில் சாம்பல் நிறத்தில், சில சமயம் சிவந்து, ஒரு வண்டல் தங்கும். அதில் ஸ்லைடு போடுவோம், மிச்சத்தை ஃபார்மலினில் கட்டியாக்கி மெழுகில் பதிப்போம். நாலு மைக்ரானுக்குச் சீவி டிடிஎஃப்-1 சாயம் ஏற்றினால், நுரையீரல் அடினோ என்றால் பெரும்பாலும் கரு மட்டும் பழுப்பாக எழுந்து நிற்கும். கூடவே நாப்சின் என்ற இன்னொரு சாயம் போட்டால் சந்தேகம் இன்னும் குறையும். அதே மெழுகுக்கட்டியிலிருந்து இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணு மாற்றச் சோதனையும் செய்யலாம். ஆகாவிட்டால் ரத்தத்திலேயே இஜிஎஃப்ஆர் தேடலாம். புற்று நீர் என்றால் முதல் முறை அனுப்பியதிலேயே பத்தில் ஆறு பேருக்காவது செல் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இரண்டாம் முறை அனுப்புங்கள். அதிலும் இல்லையென்றால் தோரகோஸ்கோப்பி, அதாவது நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது. அவ்வளவையும் சாக்கடையில் கொட்டிவிட்டு 40 என்கிறீர்கள்.

ஸ்டெதஸ்கோப்:
அனுப்பினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? "மாறுபட்ட செல்கள் காணப்படுகின்றன, மருத்துவக் குறிப்போடு பொருத்திப் பார்க்கவும்." வெறும் நெஞ்சுச் சவ்வுச் செல் எரிச்சலில் வீங்கியிருக்கும், அதைப் பார்த்து நீங்கள் நழுவி ஒரு வரி எழுதுவீர்கள். குடும்பம் அழும். ரிப்போர்ட்டில் பொறுப்பை நோயாளி தலையில் கட்டுகிற நீங்கள் எனக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

மெழுகுக்கட்டி:
நெஞ்சுச் சவ்வுச் செல்லா புற்றுச் செல்லா என்று பிரிக்கத்தான் சவ்வுச் செல்லில் ஏறும் கால்ரெடினின் சாயமும் டிடிஎஃப்-1-உம் சேர்த்துப் போடுகிறோம். அதற்கும் மெழுகுக்கட்டி வேண்டும். கட்டிக்கு நீர் வேண்டும். நீர் எங்கே?

சித்தர்வழி:
ஊசி குத்தினால் கேன்சர் பரவும் என்பது ஊருக்கே தெரியும். அதைப் பேச யாரும் இல்லை. நீரை வற்றவைக்கும் மூலிகை...

மெழுகுக்கட்டி:
ஊசித் தடத்தில் விதை விழுவது மிக அரிது. நெஞ்சு நீரில் புற்றுச் செல் இருந்தால் அது ஏற்கெனவே நாலாம் நிலை, இனி ஊசி பரப்ப என்ன மிச்சம் இருக்கிறது? மூலிகைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

ஸ்டெதஸ்கோப்:
சித்தர்வழி அவர்களை விரட்டுவதில் மட்டும் உங்களுக்குச் சுறுசுறுப்பு. டெங்கு இழையில் பப்பாளி இலைச் சாறு பற்றி நான் சொன்னதற்கும் இப்படித்தான் எகிறினீர்கள். மறக்கவில்லை.

மெழுகுக்கட்டி:
பப்பாளி இலைக்கும் ஏடிஏ-வுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்டெதஸ்கோப்:
குணம் ஒன்று.

ஃபிலிம்_ரீடர்:
சிடி பார்க்கிறவன். ஒரு வார்த்தை. இரண்டு நுரையீரலிலும் கேழ்வரகு தூவியது போலப் புள்ளி இருந்தால் எல்லாரும் மிலியரி டிபி என்று எழுதிவிடுகிறோம். இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள அடினோ அதே முகத்தோடு வரும். இன்னொன்று சளி சுரக்கும் மியூசினஸ் வகை. கட்டியே தெரியாது, நிமோனியா மாதிரி ஒரு பகுதி வெளுத்துக் கிடக்கும், ஆண்டிபயாடிக் மாறிக்கொண்டே இருக்கும், நோயாளி கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர்ச் சளி துப்புவார். பெட் சிடி எடுத்துத் தீர்த்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், டிபியும் அதில் பளிச்சென்று எரியும்.

எக்செல் ஏகாம்பரம்:
பெட்டில் எவ்வளவு எரிகிறது என்று எஸ்யூவி எண் வருமே? அதையும் ஷீட்டில் சேர்க்கிறேன்.

ஃபிலிம்_ரீடர்:
சேர்க்காதீர்கள்.

மருந்துக்கடை மணி:
இவ்வளவு சண்டை எதற்கு? புகை பிடிக்காத பெண், அடினோ சந்தேகம் என்றால் நேரே இஜிஎஃப்ஆரைத் தடுக்கும் ஜெஃபிடினிப் மாத்திரை கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே. இப்போது ஜெனெரிக் மலிவு. சரியானால் கேன்சர், ஆகாவிட்டால் டிபி.

மெழுகுக்கட்டி:
கடையை மூடுங்கள் மணி. அந்த மாத்திரைக்கு 2003-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது யாருக்கு வேலை செய்யும் என்றே தெரியாது. 2004-ல்தான் பாஸ்டனில் இஜிஎஃப்ஆர் மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். 2009-ல் வந்த ஐபாஸ் ஆய்வு, ஆசியாவில், பெரும்பாலும் புகை பிடிக்காத அடினோகாரர்களிடம் செய்தது. மாற்றம் உள்ளவர்களுக்குக் கீமோவைவிட மாத்திரை நன்றாக வேலை செய்தது. மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோவைவிட மோசம், வேகமாக முற்றியது. ஆளைப் பார்த்து மாத்திரை கொடுக்கக் கூடாது என்று சொன்ன ஆய்வே அதுதான்.

ஸ்டெதஸ்கோப்:
இதில் மட்டும் மெழுகுக்கட்டி சொல்வது சரி. இதை வைத்து 40-ஐ விட்டுக்கொடுத்ததாக யாரும் எழுத வேண்டாம்.

கீதா_நெல்லை:
அம்மாவுக்கு இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ். ஜெஃபிடினிப் வகையிலேயே புதிய மாத்திரையான ஆசிமெர்டினிப் ஓடுகிறது. ரிசல்ட் வருவதற்குள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஆரம்பிக்கலாமா என்று கேட்டோம், காத்திருங்கள் என்றார்கள். அதைப் போட்டுவிட்டு உடனே ஆசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரல் அழற்சி வர வாய்ப்பு அதிகமாம். இப்போது முகத்தில் பரு, கட்டைவிரல் நகக்கண் வெடித்துச் சீழ் வைக்கிறது. யாராவது கைவைத்தியம் சொல்லுங்களேன்.

வண்டலூர்வாசி:
அண்ணிக்கும் பாசிட்டிவ்தான். ஆசிமெர்டினிப் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, 2024 பட்ஜெட்டில் அதற்குச் சுங்க வரியை எடுத்தும்கூட. ஜெஃபிடினிப்போடு கீமோவும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காட்டினார்கள். மாத்திரை மட்டும் என்றால் நோய் மறுபடி தலைதூக்காமல் 8 மாதம், கீமோ சேர்ந்தால் 16 மாதம், இடைநிலைக் கணக்கில். அந்த டிபி மாத்திரைக் காலத்தை யார் திருப்பித் தருவார்கள் என்பதுதான் என் கேள்வி.

மருந்துக்கடை மணி:
ஆசிமெர்டினிப் பக்கத்து நாட்டு ஜெனெரிக் கிடைக்கிறது, இன்பாக்ஸ் வாருங்கள்.

நெறியாளர்:
மணி, இன்பாக்ஸ் வியாபாரம் இங்கே கூடாது. இது எச்சரிக்கை. கீதா அவர்களின் நகக்கண் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

ஸ்டெதஸ்கோப்:
வண்டலூர்வாசி, எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் தோரகோஸ்கோப்பி இருக்கிறது என்று மெழுகுக்கட்டியைக் கேளுங்கள். ஏசி அறையில் சாயம் ஏற்றுகிறவருக்கு எங்கள் வார்டு தெரியாது. டிபி மாத்திரையைத் தள்ளிப்போட்டதால் செத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் இழை திறக்க ஆள் இல்லை.

மெழுகுக்கட்டி:
மாத்திரையைத் தள்ளிப்போடு என்று நான் எங்கே சொன்னேன்? மேலே ஏறிப் படியுங்கள். மாத்திரையை ஆரம்பித்துவிட்டே நீரை அனுப்பலாம். தோரகோஸ்கோப்பி தாலுகாவில் இருக்காது, பாட்டில் இருக்கும். பாட்டிலில் ஊற்றி, பெயர் ஒட்டி, மாவட்டத் தலைநகருக்குப் பஸ்ஸில் கொடுத்துவிட என்ன செலவு? ரத்தம் கலந்த நீர், எடுத்ததும் மறுபடி ஊறுகிற நீர், ஐம்பதைத் தாண்டிய ஆள். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே 40-ஐ மூடி வைத்துவிட்டுச் செல்லைத் தேட வேண்டும். அண்ணிக்கு மூன்றும் இருந்தது. மிச்ச நீர் எங்கே?

ஸ்டெதஸ்கோப்:
நீர், நீர், நீர். பஸ்ஸில் போன பாட்டில் வெயிலில் கெட்டு, "மாதிரி தரமில்லை" என்று நீங்கள் திருப்பி அனுப்பியது எத்தனை?

மெழுகுக்கட்டி:
ஐஸ் வைத்து அனுப்பாதது என் தப்பா?

ஸ்டெதஸ்கோப்:
ஐஸ் எங்கே இருக்கிறது? பஸ் ஸ்டாண்டிலா?

குரோம்பேட்டை குமார்:
நகம் வெட்டிவிட்டுப் பார்த்தேன். இடைவெளி தெரிகிறது. ஆனால் இடது கையில் மட்டும் சின்னதாக.

ஃபிலிம்_ரீடர்:
இரண்டு கையையும் சேர்த்தால்தான் ஒரே ஒரு இடைவெளி தம்பி.

எக்செல் ஏகாம்பரம்:
யாரும் என் கேள்விக்குப் பதில் தரவில்லை. 8.96 வந்ததற்குக் காரணம் எல்டிஎச்தான். ரத்தம் எடுக்கும்போது செல் உடைந்திருக்கும். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

மெழுகுக்கட்டி:
செல் உடைந்தால் எல்டிஎச் ஏறும், இறங்காது. உடைந்தே 412 என்றால் உண்மை அதைவிடக் குறைவு. உங்கள் 8.96 இன்னும் கீழே போகும்.

எக்செல் ஏகாம்பரம்:
அப்படியானால் ஏடிஏ 46 தப்பு. அந்த லேப் மெஷினைக் கடைசியாக எப்போது கேலிபரேட் செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஃபார்முலா சரி.

ஸ்டெதஸ்கோப்:
ஏகாம்பரம், 46-ஐத் தொடாதீர்கள். 46 என்பது 40-க்கு மேல்.